ஆடியோ வேலைக்கு எந்த லினக்ஸ் கர்னல்?

லினக்ஸில் இசை செய்ய வருகிறவர்கள் சீக்கிரமே வந்து நிற்கிற கேள்வி இது: ரியல்டைம் கர்னல் போடவேண்டுமா, வேண்டாமா? கர்னல் என்பது வன்பொருளையும் நிரல்களையும் நிர்வகிக்கிற, லினக்ஸின் மையப் பகுதி. அவசர வேலைக்கு உடனே வழிவிடும்படி அமைத்த கர்னல்தான் ரியல்டைம் கர்னல். 2010 வாக்கில் கேட்டிருந்தால் விவரம் தெரிந்தவர்கள் 'கண்டிப்பாக' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அது சரியான பதில். இன்றைக்கும் அதையே சொன்னால் பலரைத் தேவையில்லாத வேலையில் இறக்கிவிட்டதாகும். 'அதெல்லாம் இப்போது வேண்டியதே இல்லை' என்று ஒரேயடியாகச் சொல்வதும் தப்புதான். மேடையில் லேப்டாப்பை வைத்துக் கீபோர்டு வாசிக்கிறவரின் தேவையும், வீட்டில் உட்கார்ந்து ஏற்கெனவே பதிவான பாட்டை மிக்ஸ் செய்கிறவரின் தேவையும் வெகு தூரம் விலகியவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்னலைத் தேர்ந்தெடுப்பது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. நமக்கு எவ்வளவு தாமதம் தாங்கும் என்று முடிவு செய்துகொண்டு, நம் கணினி அதன் மிக மோசமான தருணத்தில் எவ்வளவு தாமதிக்கிறது என்று அளந்து பார்த்து, அதற்கப்புறம்தான் கர்னலுக்கு வரவேண்டும். இந்த வரிசையில் போகிற பெரும்பாலானவர்களுக்குத் தனிக் கர்னல் தேவைப்படாது. தேவைப்படுகிற சிலருக்கோ, எதற்காகப் போடுகிறோம் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும்.

பஃபர் கணக்கு

கணினிக்குள் ஒலி துண்டு துண்டாகத்தான் போகிறது. இந்தத் துண்டைத்தான் பஃபர் என்கிறார்கள். அதன் நீளத்தை சாம்பிள் கணக்கில், அதாவது ஒலியை எத்தனை முறை அளந்த எண்கள் அதில் இருக்கின்றன என்று சொல்வார்கள். ஒரு துண்டில் 64 சாம்பிள் இருக்கலாம், 256 இருக்கலாம். நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் 64 சாம்பிள் என்பது 1.33 மில்லிசெகண்ட். 128 என்றால் 2.67. 256 என்றால் 5.33. 1024 என்றால் 21.3. சவுண்ட் கார்டு ஒரு துண்டை முடித்ததும் இன்டரப்ட் ஒன்றை, அதாவது 'என்னைக் கவனி' என்ற குறிப்பை, ப்ராசசருக்கு அனுப்பும். கர்னல் அதைக் கவனித்து, தூங்கிக்கொண்டிருக்கும் ஆடியோ த்ரெட்டை (நிரலில் ஒலியைக் கணக்கிடும் தனி ஓட்டத்தை) எழுப்பவேண்டும். எழுந்த த்ரெட் சிந்தசைசர், ஈக்யூ, ரிவெர்ப் எல்லாவற்றையும் கணக்கிட்டு, கெடு முடிவதற்குள் அடுத்த துண்டைத் தயாராக வைக்கவேண்டும். வைக்க முடியாமல் போனால் கார்டுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. காதில் 'டிக்' என்று ஒரு வெடிப்பு கேட்கும். லினக்ஸ் ஆடியோக்காரர்கள் இதை எக்ஸ்ரன் என்பார்கள்.

நாம் காதால் உணர்கிற மொத்தத் தாமதம் ஒரு துண்டோடு நிற்பதில்லை. உள்ளே வரும் பக்கம் ஒரு துண்டு, வெளியே போகும் பக்கம் இரண்டு அல்லது மூன்று துண்டு என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். 64 சாம்பிள், வெளியே இரண்டு துண்டு என்று வைத்தால் மொத்தம் 4 மில்லிசெகண்ட். யூஎஸ்பி கார்டுகளில் பலர் செய்வதுபோல 128 சாம்பிள், வெளியே மூன்று துண்டு என்று வைத்தால் 10.67. இதற்கு மேல் அனலாகை டிஜிட்டலாக்கும் சிப்பும், திரும்ப அனலாகாக்கும் சிப்பும், யூஎஸ்பி வழியும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். மென்பொருள் திரையில் காட்டுகிற எண்ணைவிட உண்மையான தாமதம் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். அதை அறிய ஒரு கேபிளை எடுத்து கார்டின் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே செருகி, ஜாக் ஐஓடிலே போன்ற ஒரு சிறு கருவியை ஓட்டினால் போதும்.

எவ்வளவு தாமதம் தாங்கும்? ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். தன் ஆம்ப்ளிஃபயரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கிற கிட்டார் கலைஞர் ஏற்கெனவே 9 மில்லிசெகண்ட் தாமதத்தோடுதான் வாசிக்கிறார். அது அவருக்குத் தெரிவதுகூட இல்லை. ஹெட்போன் போட்டுக்கொண்டு தன் குரலைத் தானே கேட்டுப் பாடுகிறவரின் நிலைமை வேறு. அவருடைய குரல் எலும்பு வழியாக உடனே அவர் காதுக்கு வந்துவிடுகிறது. கணினி வழியாகச் சில மில்லிசெகண்ட் கழித்து அதே குரல் மறுபடி வரும்போது இரண்டும் கலந்து குரலின் நிறமே மாறிப்போகும். 'ஏதோ குழாய்க்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது' என்று பாடகர் சொன்னால் பெரும்பாலும் இதுதான் காரணம். பேடு தட்டித் தாளம் வாசிப்பவர்களும் தாமதத்தைச் சீக்கிரம் உணர்கிறவர்கள்.

மிக்ஸ் செய்கிறவருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. அவர் 1024 சாம்பிள் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஃபேடரை நகர்த்தி 20 மில்லிசெகண்ட் கழித்து ஒலி மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. குரலோ கருவியோ பதிவு செய்கிறவர்களில் பலருக்கும் இதே விடுதலை உண்டு. இன்றைய ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் பெரும்பாலானவற்றில் நேரடி மானிட்டரிங் இருக்கிறது. மைக்கிலிருந்து வருகிற ஒலி கணினிக்குப் போகாமலே, பெட்டிக்குள்ளிருந்தே ஹெட்போனுக்குத் திரும்பிவிடும். பதிவாகும் தடத்தைத் தாமதக் கணக்குப் பார்த்துச் சரியான இடத்தில் வைக்கும் வேலையை ஆர்டர் (Ardour) மாதிரியான பதிவு மென்பொருள் தானே செய்துகொள்கிறது.

ஆக, குறைந்த தாமதம் உண்மையில் தேவைப்படுவது இரண்டு சூழ்நிலைகளில். கீபோர்டிலோ பேடிலோ வாசித்து, ஒலியைக் கணினிதான் உண்டாக்கவேண்டும் என்கிற சூழ்நிலை ஒன்று. கிட்டாரையோ குரலையோ கணினியில் ஓடும் எஃபெக்ட் வழியாகவே கேட்டாகவேண்டும் என்கிற சூழ்நிலை மற்றொன்று. கர்னல் பற்றிய விவாதம் முழுவதும் இந்த இரண்டு பேருக்காகத்தான்.

கர்னல் எங்கே குறுக்கே வருகிறது

64 சாம்பிள் வைத்தால் ஆடியோ த்ரெட் நொடிக்கு 750 முறை எழவேண்டும். ஒரு மணி நேரத்தில் 27 லட்சம் முறை. எந்தக் கர்னலாக இருந்தாலும் இதில் மிகப் பெரும்பாலான தடவை சில மைக்ரோசெகண்டுகளுக்குள் எழுப்பிவிடும். ஆனால் 27 லட்சத்தில் ஒரே ஒரு தடவை இரண்டு மில்லிசெகண்ட் தாமதித்தால்கூட, நன்றாக வந்துகொண்டிருந்த டேக் அந்த இடத்தில் கெட்டுவிடும். அதனால்தான் ஆடியோவில் சராசரியால் ஒரு பயனும் இல்லை. பார்க்கவேண்டியது மிக மோசமான ஒரு தடவையை மட்டும்.

அந்த மோசமான தடவை எங்கிருந்து வருகிறது? ஆடியோவின் இன்டரப்ட் வந்த நேரத்தில் கர்னல் வேறு ஏதோ வேலையில் மூழ்கியிருக்கலாம். டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கலாம், நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிரித்துக்கொண்டிருக்கலாம், ஒரு பெரிய பட்டியலைத் தேடிக்கொண்டிருக்கலாம். அந்த வேலையை நடுவில் நிறுத்தி ஆடியோவுக்கு வழிவிட முடியுமா என்பதில்தான் கர்னல்கள் வேறுபடுகின்றன. சர்வர்களுக்கான அமைப்பில் கர்னல் தன் வேலையை முடித்த பிறகே வழிவிடும். 'வாலண்டரி' என்கிற அமைப்பில், நிறுத்தலாம் என்று முன்கூட்டியே குறித்து வைத்த இடங்களில் வழிவிடும். 'ஃபுல்' என்கிற அமைப்பில், லாக் (ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடாதபடி போடும் பூட்டு) எதையும் பிடித்திராதபோது எங்கே வேண்டுமானாலும் வழிவிடும். ஆர்டி, அதாவது ரியல்டைம், அமைப்பில் லாக் பிடித்திருக்கும்போதே வழிவிடும். ஆர்டியை மற்ற மூன்றிலிருந்தும் பிரித்துக் காட்டுவது இந்தக் கடைசி விஷயம்தான்.

இதை எப்படிச் சாதித்தார்கள் என்பது கர்னல் வரலாற்றிலேயே மிகப் பொறுமையான வேலைகளில் ஒன்று. 2.4 கர்னல் காலத்திலேயே கர்னல் நிரலாளர்களான இங்கோ மோல்னாரும் ஆண்ட்ரூ மார்ட்டனும் ஆளுக்கொரு லோ-லேட்டன்சி (குறைந்த தாமத) பேட்ச், அதாவது கர்னலில் சேர்க்கும் திருத்தம், வைத்திருந்தார்கள். ராபர்ட் லவ் எழுதிய ப்ரீஎம்ப்ஷன் (ஓடுகிற வேலையை நடுவில் நிறுத்துகிற) பேட்ச் 2002-ல் 2.5 வரிசைக்குள் வந்து, 2003 டிசம்பரில் 2.6 ஆக எல்லோருக்கும் கிடைத்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் பால் டேவிஸ் ஆர்டர் மென்பொருளையும் ஜாக் ஒலி சர்வரையும் (நிரல்களுக்கும் கார்டுக்கும் நடுவே ஒலியைக் கடத்தும் மென்பொருள்) உருவாக்கிக்கொண்டிருந்தார். ஆடியோக்காரர்கள் இந்தப் பேட்ச்சுகளுக்குக் கிடைத்த மிக உற்சாகமான சோதனையாளர்கள். ஒரு மில்லிசெகண்ட் தவறினாலும் காதில் கேட்டுவிடுகிற வேலையில் அல்லவா இருந்தார்கள்!

2004-ல் மோல்னார் தொடங்கிவைத்து, தாமஸ் கிளைக்ஸ்னர், ஸ்டீவன் ராஸ்டெட் போன்றவர்கள் வளர்த்ததுதான் ப்ரீஎம்ப்ட் ஆர்டி. கர்னலுக்குள் இருந்த ஸ்பின்லாக்குகளில் (காத்திருப்பவர் தூங்காமல் சுற்றிக்கொண்டே நிற்கிற லாக்குகளில்) பெரும்பாலானவற்றை, காத்திருப்பவர் தூங்கக்கூடிய லாக்குகளாக மாற்றினார்கள். இன்டரப்ட்டைக் கையாளும் வேலைகளைத் தனித்தனி த்ரெட்டுகளாக்கினார்கள். அப்படி ஆக்கியதால் சவுண்ட் கார்டின் இன்டரப்ட்டுக்கு வைஃபை இன்டரப்ட்டைவிட அதிக முன்னுரிமை கொடுக்க முடிந்தது. அப்புறம் முன்னுரிமையைக் கைமாற்றுகிற ஏற்பாடு. அவசரமான ஒரு த்ரெட்டுக்கு வேண்டிய லாக்கை அவசரமில்லாத ஒன்று பிடித்து வைத்திருந்தால், பிடித்திருப்பது சீக்கிரம் முடித்துவிட்டு விடட்டும் என்று அவசரத்தின் முன்னுரிமையைத் தற்காலிகமாக அதற்குக் கொடுப்பது. இந்த ஏற்பாடு வேலை செய்யாத நிலையில் என்ன ஆகும் என்பதை 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் காட்டியது. அதன் கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. அதன் இயக்கமுறையான விஎக்ஸ்வொர்க்ஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்த இதே வசதியைப் பூமியிலிருந்து இயக்கிவிட்ட பிறகுதான் நின்றது.

2006-ல் நடந்த கர்னல் கூட்டத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸை வைத்து லேசரை இயக்குவது பைத்தியக்காரத்தனம், ஆனால் இந்த அறையில் எல்லோருமே அவரவர் வழியில் பைத்தியம்தான், அதனால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அந்த ஆட்சேபமின்மை மூலக் கர்னலில் முழுச் சேர்ப்பாக மாற இன்னும் 18 வருடம் பிடித்தது. இடையில் ஆர்டி பேட்ச்சிலிருந்து ஹை ரெசொல்யூஷன் டைமர், த்ரெட் இன்டரப்ட், எஃப்டிரேஸ் என்று ஒவ்வொன்றாக மூலக் கர்னலுக்குள் போய்ச் சேர்ந்தன. இவற்றை இன்று ஆண்ட்ராய்டு போனிலிருந்து சர்வர் வரை எல்லாமே பயன்படுத்துகின்றன. 2015-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் இதற்கென்று ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கி நிதி திரட்டியது. கடைசித் தடையாக நின்றது பிரின்ட்கே, அதாவது கர்னல் தன் செய்திகளை அச்சிடும் பகுதி. அதுவும் சரியான பிறகு, 2024 செப்டம்பரில் வியன்னாவில் நடந்த மாநாட்டில் கிளைக்ஸ்னர் சேர்ப்பு விண்ணப்பத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, தங்கநிறத் தாளில் சுற்றி டோர்வால்ட்ஸ் கையிலேயே கொடுத்தார். 2024 நவம்பர் 17 அன்று வந்த 6.12 கர்னலில் அது எக்ஸ்86, ஆர்ம்64, ரிஸ்க்-ஃபைவ் என்ற மூன்று ப்ராசசர் வகைகளுக்கும் வேலை செய்தது. இதற்குப் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலை இயந்திரக்காரர்கள். பலன் ஆடியோக்காரர்களுக்கும் வந்தது.

இன்று கையில் இருப்பவை

6.12-க்குப் பிறகு நிறையப் பேர் ஒன்றைத் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். '6.12 போட்டிருக்கிறேன், அதனால் என்னிடம் இருப்பது ரியல்டைம் கர்னல்' என்று. இல்லை. ஆர்டி என்பது கர்னலைக் கம்பைல் செய்யும்போதே (மூலக் கோப்புகளிலிருந்து உருவாக்கும்போதே) தேர்ந்தெடுக்கவேண்டிய அமைப்பு. மூலக் கோப்புகள் எல்லோரிடமும் இருக்கின்றன, ஆனால் டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு) வழக்கமாகக் கொடுக்கிற கர்னலில் அது இயங்கிக்கொண்டிருக்காது. டெபியன் ஆர்டி கர்னலைத் தனிப் பேக்கேஜாகக் கொடுக்கிறது, ஆர்ச்சும் அப்படியே. முன்பு வெளியிலிருந்து பேட்ச் எடுத்து, அது நம் கர்னல் பதிப்போடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரவு முழுக்க கம்பைல் செய்த தொல்லை மட்டும் இப்போது போய்விட்டது.

எல்லோருக்கும் உண்மையில் பெரிய மாற்றமாக வந்தது சத்தமில்லாமல் 2021-ல் 5.12 கர்னலோடு வந்த ப்ரீஎம்ப்ட் டைனமிக். இது இருந்தால் சர்வர் முறை, வாலண்டரி முறை, ஃபுல் முறை மூன்றுக்கும் இடையே கணினி பூட் ஆகும்போதே ஒரு வார்த்தையால் மாறிக்கொள்ளலாம். பூட் வரியில், அதாவது கணினி தொடங்கும்போது கர்னலுக்குப் போகும் கட்டளை வரியில், ப்ரீஎம்ப்ட்=ஃபுல் (preempt=full) என்று சேர்த்தால் முடிந்தது, தனிக் கர்னல் வேண்டாம். ஆர்டியை மட்டும் இப்படிப் பூட் வரியிலிருந்து வரவழைக்க முடியாது. ஃபெடோரா, ஆர்ச், டெபியன் 12 எல்லாவற்றின் வழக்கமான கர்னலிலும் இந்த வசதி இருக்கிறது. உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்க டெர்மினலில் யூநேம் (uname -a) கட்டளையை ஓட்டினால் கர்னலின் பெயரோடு அதுவும் தெரியும்.

இதோடு சேர்க்கவேண்டிய இன்னொரு பூட் வார்த்தை த்ரெட்ஐஆர்க்யூஸ் (threadirqs). ஆர்டியிலிருந்து 2011-ல் 2.6.39 கர்னலுக்கு வந்த வசதி. இன்டரப்ட் வேலைகளை த்ரெட்டுகளாக்கி, சவுண்ட் கார்டை மற்றவற்றுக்கு முன்னால் நிறுத்த வழி செய்கிறது. அந்த முன்னுரிமைகளை ஒழுங்குபடுத்த ரூய் நூனோ கபேலா எழுதிய ஆர்டிஐஆர்க்யூ ஸ்கிரிப்ட் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. உபுண்டு ஸ்டுடியோ வெகுகாலம் லோ-லேட்டன்சி என்ற பெயரில் தனிக் கர்னல் வைத்திருந்தது. 2024-ல் அந்த வழியை விட்டு, உபுண்டுவின் பொதுக் கர்னலையே இதே போன்ற பூட் வார்த்தைகளோடு பயன்படுத்துகிற முறைக்கு மாறியது. ஆடியோவுக்கென்றே இருக்கிற டிஸ்ட்ரோ ஒன்று இந்த முடிவை எடுத்தது நம் எல்லோருக்குமே ஒரு தகவல்.

ஸென், லிக்குவாரிக்ஸ், ஸான்மாட் என்று ஆர்வலர்கள் விரும்பும் கர்னல்களும் உண்டு. ஏவி லினக்ஸ் லிக்குவாரிக்ஸோடு வருகிறது. இவை டெஸ்க்டாப் சுறுசுறுப்பாக இருக்கவேண்டும் என்று அமைக்கப்பட்டவை. நல்ல கர்னல்கள்தான். மோசமான தாமதத்துக்கு எல்லை போடுவதில் இவை ப்ரீஎம்ப்ட்=ஃபுல் போட்ட வழக்கமான கர்னலைவிட வெகுவாக முன்னே இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். அதேபோல ஷெட்யூலர் (எந்த நிரல் எப்போது ஓடவேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி) பற்றிய பேச்சையும் ஆடியோக்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 6.6 கர்னலில் பழைய ஷெட்யூலர் போய் ஈஈவிடிஎஃப் வந்தது முக்கியமான மாற்றம்தான். ஆனால் அது சாதாரண நிரல்களை ஓட்டுவதற்கானது. ஆடியோ த்ரெட் அதற்கெல்லாம் மேலே, ஃபிஃபோ என்ற ரியல்டைம் வரிசையில் ஓடுகிறது. டைமர் 250 ஹெர்ட்ஸா 1000 ஹெர்ட்ஸா என்ற பழைய சண்டையும் இப்படித்தான். ஆடியோ த்ரெட்டை எழுப்புவது கார்டின் இன்டரப்ட், இல்லையென்றால் ஹை ரெசொல்யூஷன் டைமர்.

ஆர்டிக்கு விலை உண்டா? உண்டு. மோசமான தாமதம் குறைகிறது, அதற்கு ஈடாக மொத்த வேலைத்திறன் கொஞ்சம் குறைகிறது. 1024 சாம்பிள் வைத்து ஐம்பது பிளக்இன் (ரிவெர்ப், ஈக்யூ போன்ற துணை நிரல்கள்) ஓட்டுகிறவருக்கு ஆர்டி உதவாது. நியாயமாகப் பார்த்தால் அவருக்கு அது சற்று நஷ்டம். என்விடியாவின் சொந்த டிரைவர், ஆர்டி கர்னலைக் கண்டால் ஏறமாட்டேன் என்று நின்றுவிடும். அந்தச் சோதனையைத் தாண்டச் சொல்லி ஏற்றலாம், ஆனால் தயாரிப்பாளர் ஆதரிக்காத வழி அது. என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே ப்ரீஎம்ப்ட்=ஃபுல் பக்கம் போகப் போதும் என்பேன்.

கர்னலால் ஆகாத காரியங்கள்

ஆர்டி கர்னலைப் போட்டும் எக்ஸ்ரன் நிற்கவில்லை என்றால், முதலில் பார்க்கவேண்டியது அனுமதி. ஆடியோ த்ரெட்டை ஃபிஃபோ வரிசையில் ஓட்ட உங்கள் பயனர் கணக்குக்கு உரிமை இருக்கவேண்டும். இந்த உரிமையைப் பயனருக்குக் கொடுக்கும் வழியே ஆடியோக்காரர்கள் கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. 2005-ல் 2.6.12 கர்னலில் அதற்கான வரம்பு ஏற்பாடு சேர்ந்தது. இன்றும் லிமிட்ஸ் கோப்பில் (பயனர்களின் வரம்புகளை எழுதும் கோப்பு) ஆடியோ குழுவுக்கு ரியல்டைம் முன்னுரிமை 95, மெமரி லாக் வரம்பில்லாமல் என்று இரண்டு வரி எழுதி, உங்களை அந்தக் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மறுபடி நுழையவேண்டும். சில டிஸ்ட்ரோக்கள் இதைத் தாங்களே செய்துவிடும். சில ஆர்டிகிட் என்ற சேவை வழியாகக் குறைந்த முன்னுரிமையை மட்டும் கொடுக்கும். இந்த உரிமை கிடைக்காத ஆடியோ த்ரெட், உலகத்திலேயே சிறந்த ஆர்டி கர்னலிலும் பிரவுசரோடு சமமாக வரிசையில் நிற்கும். ஜெரமி யோங்கபியர் எழுதிய ஆர்டிசிக்யூஎஸ் கருவியை ஓட்டினால் இதுபோன்ற குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடும். கர்னலைத் தொடுவதற்கு முன் அதை ஓட்டிவிடுங்கள்.

அடுத்தது மின்சாரச் சிக்கனம். சும்மா இருக்கும்போது ப்ராசசர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும், வேகத்தைக் குறைக்கும். திரும்ப எழுந்து வேகம் பிடிக்க நேரம் ஆகும். வாசிக்கும் நேரத்தில் ப்ராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை பர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிவைப்பது நல்லது. லேப்டாப் கொஞ்சம் சூடாகும், பரவாயில்லை.

மூன்றாவது, யாராலும் எளிதில் கைவைக்க முடியாதது. கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸ் தன் வேலைகளுக்காக, கர்னலுக்குத் தெரியாமலே ப்ராசசரைச் சில நேரம் கைப்பற்றிக்கொள்ளும். இதை எஸ்எம்ஐ என்பார்கள். விசிறியைக் கட்டுப்படுத்துவது, வெப்பத்தைக் கவனிப்பது போன்ற காரியங்கள். அந்த நேரத்தில் லினக்ஸ் முழுவதுமே நின்றுபோகிறது, ஆர்டி உட்பட. சில லேப்டாப்புகளில் இது மில்லிசெகண்ட் கணக்கில் நீளும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் எந்தக் கர்னலாலும் 64 சாம்பிளில் நிம்மதியாக வாசிக்க முடியாது. ஹெச்டபிள்யூலாட்டிடெக்ட் என்ற கருவி இந்தத் திருட்டு நேரத்தைக் காட்டிக்கொடுக்கும். பயாஸைப் புதுப்பித்துப் பார்க்கலாம், அதன் அமைப்புகளில் தேடிப் பார்க்கலாம். அப்புறம் பஃபரை ஏற்றுவதுதான் வழி.

நான்காவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை: கர்னலின் வகையைவிடச் சில சமயம் அதன் பதிப்பு முக்கியம். யூஎஸ்பி ஆடியோ டிரைவரில் வெளியே போகும் ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் வேலையை டகாஷி இவாய் செய்து, அது 5.16-ல் வந்தது. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசைக் கார்டுகளின் உள் மிக்ஸரை லினக்ஸிலிருந்து கட்டுப்படுத்தும் டிரைவர் ஜெஃப்ரி பென்னட்டின் உழைப்பு. இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்டுகளுக்கு அது தானாகவே இயங்கத் தொடங்கியது 6.7-ல். நான்காம் தலைமுறைக்கு 6.8 வேண்டும். நேரடி மானிட்டரிங்கை அமைக்க இந்த மிக்ஸர்தான் தேவை. ஆக, ஸ்கார்லெட் வைத்திருக்கிற ஒருவர் பழைய ஆர்டி கர்னலைத் தேடிப் போட்டுக்கொள்வதைவிட, புதிய சாதாரணக் கர்னலைப் போட்டால் அதிகம் பெறுவார்.

பிளக்இன்னே கனமாக இருந்தால்? ஆர்டரிலோ வேறு எதிலோ டிஎஸ்பி சுமை (ஒலிக் கணக்குகளுக்குக் கெடுவில் ஆகும் பங்கு) 85, 90 சதவீதம் காட்டுகிறது என்றால், அங்கே எக்ஸ்ரன் வருவதற்கும் கர்னலுக்கும் சம்பந்தமில்லை. த்ரெட் சரியான நேரத்துக்குத்தான் எழுகிறது, வேலையைத்தான் முடிக்க முடியவில்லை. தடத்தை ஃப்ரீஸ் செய்யுங்கள் (பிளக்இன்னோடு சேர்த்து ஒலியாகவே பதிந்துவிடுங்கள்), இல்லையென்றால் பஃபரை ஏற்றுங்கள்.

அளப்பது

சைக்ளிக்டெஸ்ட் என்ற சிறு நிரல் இதற்கென்றே இருக்கிறது. ஆர்டி-டெஸ்ட்ஸ் என்ற பேக்கேஜில் வரும். ஒரு த்ரெட்டைத் திரும்பத் திரும்பத் தூங்கவைத்து, சொன்ன நேரத்துக்கும் அது எழுந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மைக்ரோசெகண்டில் காட்டும். ரியல்டைம் முன்னுரிமையும் மெமரி லாக்கும் கொடுத்து ஓட்டவேண்டும். சும்மா இருக்கிற கணினியில் ஓட்டி மகிழ்ந்துவிடக்கூடாது. பக்கத்தில் பெரிய கோப்புகளை நகலெடுங்கள், வீடியோ ஓட்டுங்கள், வைஃபையில் எதையாவது இறக்குங்கள். ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு, கடைசியில் இருக்கும் அதிகபட்சம் என்ற எண்ணை மட்டும் பாருங்கள்.

அந்த எண்ணைத் துண்டின் நீளத்தோடு ஒப்பிடவேண்டும். 64 சாம்பிளுக்கு 1333 மைக்ரோசெகண்ட் கெடு. அதிகபட்சம் 100 என்று வந்தால் கெடுவில் எட்டு சதவீதம்கூடப் போகவில்லை, மீதி எல்லாம் பிளக்இன்னுக்குக் கிடைக்கிறது. 400 என்று வந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. 64-ல் நெருக்கடி, 256-ல் கவலையில்லை. 1333-ஐத் தாண்டினால் 64-ஐ மறந்துவிடவேண்டியதுதான். நன்றாக அமைத்த ஆர்டி கணினிகளில் இந்த எண் பெரும்பாலும் 100-க்குக் கீழே நிற்கும். ப்ரீஎம்ப்ட்=ஃபுல் போட்ட வழக்கமான கர்னலில் கணினிக்குக் கணினி மாறும். டிரைவர்கள் ஒழுங்காக இருந்தால் அதுவும் ஆடியோவுக்குப் போதுமான அளவில் நின்றுவிடும். எண் விகாரமாக வந்தால் யாரால் என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. டேனியல் பிரிஸ்டோ டி ஒலிவெய்ரா உருவாக்கிய டைமர்லாட், 2021 முதல் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. தாமதத்துக்குக் காரணமான இன்டரப்ட் எது, த்ரெட் எது என்று அது காட்டும். வைஃபை டிரைவர்தான் குற்றவாளி என்று தெரிந்தால் வாசிக்கும்போது வைஃபையை அணைத்துவிடலாம், கர்னலை மாற்றவேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. சைக்ளிக்டெஸ்ட் டைமரை வைத்து அளக்கிறது, சவுண்ட் கார்டு வரும் பாதையை அது தொடுவதில்லை. அதனால் இறுதிச் சோதனை உங்கள் உண்மையான செஷனோடுதான். பைப்வயர் என்ற ஒலி சர்வரைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் பிடபிள்யூ-டாப் (pw-top) கருவியை ஓட்டி, பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்கலாம். விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயர் 2023 நவம்பரில் 1.0-ஐ எட்டியது, ஜாக்குக்காக எழுதிய மென்பொருளை எல்லாம் தானே ஓட்டுகிறது. கார்டை அதன் ப்ரோ ஆடியோ அமைப்புக்கு மாற்றிவிடுவது முக்கியம். அப்போதுதான் டைமரை நம்பாமல் ஜாக்கைப்போலக் கார்டின் இன்டரப்ட்டை வைத்து ஓடும்.

யாருக்கு எது

மிக்ஸிங், மாஸ்டரிங், நேரடி மானிட்டரிங்கோடு பதிவு செய்கிறவர்கள்: டிஸ்ட்ரோ கொடுத்த கர்னல், முடிந்த அளவு புதியது. வேறெதையும் தொடவேண்டாம்.

வீட்டில் சாஃப்ட்வேர் பியானோவோ கிட்டார் எஃபெக்ட்டோ வாசிக்கிறவர்கள் அதே கர்னலோடு ப்ரீஎம்ப்ட்=ஃபுல், த்ரெட்ஐஆர்க்யூஸ் இரண்டையும் சேர்த்து, அனுமதியைச் சரிசெய்து, 128 சாம்பிளில் ஆரம்பிக்கட்டும். பெரும்பாலும் இங்கேயே திருப்தியாகிவிடும். கைக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் 64-க்கு இறங்கிப் பார்க்கலாம்.

மேடைக்குக் கணினியைக் கொண்டுபோகிறவருக்கு, அது 64 சாம்பிளோ அதற்கும் கீழோ இரண்டு மணி நேரம் ஒரு டிக்கும் இல்லாமல் ஓடவேண்டும் என்றால், ஆர்டியைத் தயக்கமில்லாமல் சொல்வேன். சராசரி நாளில் இரண்டு கர்னலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நிகழ்ச்சி நடுவில் எதிர்பாராத ஒரு டிஸ்க் எழுத்தோ நெட்வொர்க் வேலையோ குறுக்கிடும்போது உத்தரவாதத்துக்கு மிக அருகில் வருவது ஆர்டிதான். அந்தக் கணினியில் என்விடியா கார்டு இல்லாமல் பார்த்துக்கொள்வது பாதி வேலை. ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே போகவேண்டிய எஃபெக்ட் பெடல், சிந்தசைசர் போன்ற கருவிகளைத் தயாரிக்கிறவர்கள் இன்னும் ஒரு படி தாண்டி, லினக்ஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சிறு கர்னலை ஓட்டுகிற ஸெனோமை போன்ற முறைக்குப் போகிறார்கள். ஸ்டாக்ஹோமின் எல்க் நிறுவனத்தின் ஆடியோ இயக்கமுறை அந்த வழியில் வளர்ந்தது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், நன்றாக ஓடிய கர்னலைப் பூட் மெனுவிலிருந்து அழித்துவிடாதீர்கள். புதியதைப் பக்கத்தில் ஏற்றி, அதே சுமையில் அதே அளவு நேரம் சைக்ளிக்டெஸ்ட் ஓட்டி, இரண்டு அதிகபட்ச எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் புதுப்பித்தாலோ புது யூஎஸ்பி கார்டு வாங்கினாலோ மறுபடி ஒருமுறை. பதிவுக்கு ஆள் வரச்சொல்லியிருக்கிற வாரத்தில் மட்டும் எந்த அப்டேட்டும் வேண்டாம்.